கொழும்பில் சிக்கனம்: வீட்டுக் கணக்கும் மஹல்லாக் கணக்கும்

கடந்த வருடம் உம்மா கண் சத்திரசிகிச்சைக்காகப் புத்தளத்திலிருந்து வந்து, தெமட்டகொடையிலுள்ள எமது வாடகை வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தார். ஒரு நாள் காலை குப்பை லொறி வந்து நின்றபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எமது வீட்டுப் பை, பக்கத்து வீட்டுப் பை, எதிர்வீட்டின் மூன்று பைகள் என்று ஒவ்வொன்றாக லொறிக்குள் விழுவதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க கொண்டு போறாங்க மகன்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "எங்கட ஊருக்கா?" என்றார்.

உம்மா கேலிக்காகக் கேட்கவில்லை. கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018 இன் இறுதியில் புத்தளம் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, அயல்வீட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்தவர் அவர். அவரது மகனாகிய நான் கொழும்பில் இருந்துகொண்டு முகநூலில் ஆதரவுப் பதிவு போட்டேன். அதே நாட்களில் எனது வீட்டிலிருந்து தினமும் ஒரு பை நிறைய மீந்த சோறும் கறியும் தேங்காய்ப் பூவும் வெளியே போய்க்கொண்டிருந்தன. இந்த இரண்டுக்கும் தொடர்பிருப்பதாக எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

உம்மாவின் அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வாழ்க்கைச் செலவைப் பற்றி நாம் தினமும் பேசுகிறோம். சுற்றுச்சூழலைப் பற்றி வருடத்துக்கு ஒருமுறை ஒரு குத்பாவில் கேட்கிறோம். கொழும்பு போன்ற ஒரு நகரத்தில் வாழும் குடும்பத்துக்கு இவை இரண்டும் ஒரே விடயம் என்பதையும், அதைத் தனி வீடாக நின்று செய்து முடிக்க முடியாது என்பதையும் எனது அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

விலை குறையவில்லை, நாம்தான் குறைத்துக்கொண்டோம்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்துக்குள் உணவுச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அதுவும் கிடைப்பதற்குப் பல நாட்கள் வீதியில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டபோது பலரும் மகிழ்ந்தார்கள். பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. 2021 இல் எமது வீட்டு மாதச் செலவு எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும்போது வேறு நாட்டுக் கணக்கைப் பார்ப்பது போலிருக்கிறது. சம்பளம் மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

ஆகவே எல்லோரும் சிக்கனத்துக்கு வந்தோம். ஆனால் எதைக் குறைத்தோம்? இறைச்சியை, மீனை, பிள்ளைகளின் பாலை, ஊருக்குப் போய்வரும் பயணத்தை. தையல் வேலை செய்யும் எமது ஒழுங்கையின் ஒரு தாய், மாலை வகுப்பிலிருந்து மூத்த மகளை நிறுத்திவிட்டார். மூத்தவள் வீட்டில் நின்றால் சின்னவளுக்கு அவளே படித்துக் கொடுப்பாள், இரண்டு பேரின் செலவு மிச்சம் என்று அவர் கணக்குச் சொன்னார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அதைச் சிக்கனம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. வயிற்றிலிருந்தும் பிள்ளையின் படிப்பிலிருந்தும் வெட்டுவது இழப்பு. வீணாகப் போவதை நிறுத்துவதே சிக்கனம். அந்த வீண்போகும் பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் மூன்று இடங்களில் அகப்படுகிறது.

முதலாவது, மின்மானி

எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு ஒரு கணக்கு. 61ஆவது யூனிட்டைத் தொட்டவுடன், முதலாவது யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு, வேறு நிலையான கட்டணம். அந்த ஒரு யூனிட்டால் பட்டியல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். குறைவாகப் பாவிக்கும் ஏழைக்குச் சலுகை, கூடுதலாகப் பாவிக்கும் வசதியானவருக்குச் சுமை என்பதே இதன் நோக்கம். நோக்கம் நியாயமானதுதான்.

ஆனால் கொழும்பு 09, 10, 12, 14 பகுதிகளின் ஒழுங்கைகளுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பழைய வீடு நான்காகப் பிரிக்கப்பட்டு நான்கு குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கும். முன்சுவரில் மின்மானி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு சிறிய பிரிட்ஜ் என்று மாதம் 50 யூனிட்தான் பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூனில் திருத்தப்பட்ட கட்டணத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தனித்தனி மின்மானி இருந்தால், வரி நீங்கலாக, ஒரு குடும்பத்துக்குச் சுமார் 500 ரூபா வரும். நான்கு குடும்பங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபா. அதே 200 யூனிட் ஒரே மின்மானியில் ஓடும்போது மொத்தம் 8,000 ரூபாவை நெருங்குகிறது. மின்சாரம் அதேதான். ஆனால் கட்டணம் ஏறத்தாழ நான்கு மடங்கு.

அதாவது, ஏசி போட்டுக்கொண்டு தனியாக வாழும் ஒரு பணக்கார வீட்டுக்காக வகுக்கப்பட்ட விலையை, ஓர் அறையில் ஐந்து பேராக வாழும் கூலித் தொழிலாளி கட்டுகிறார். அவர் பல்பை அணைத்தும் மின்விசிறியை நிறுத்தியும் இதைச் சரிசெய்ய முடியாது. "சிக்கனமாக இருங்கள்" என்று அவருக்குப் பாடம் எடுப்பது அநியாயம். அவர் ஏலவே எம் எல்லோரையும் விடக் குறைவாகத்தான் பாவிக்கிறார்.

இந்த மின்சாரத்துக்கும் உம்மாவின் ஊருக்கும் தொடர்பிருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்திலிருந்து வருகிறது. 2011 இல் முதலாவது அலகு இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவொட்டாக நிறைவு பெற்ற அந்த நிலையம் கல்பிட்டிக் குடாநாட்டில் நிற்கிறது. நிலக்கரித் தூசும் சாம்பலும் தோட்டங்களில் படிவதாக அங்குள்ள விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள். கொழும்பில் யாருமில்லாத அறையில் எரியும் விளக்கின் புகை அங்கே போய் இறங்குகிறது.

இரண்டாவது, சிறிய பக்கற்

கையில் காசு குறைந்தவர் சிறிது சிறிதாக வாங்குகிறார். நூறு கிராம் பருப்பு, கால் போத்தல் தேங்காய் எண்ணெய், ஒரு சிறிய பக்கற் பால்மா, ஒரு பக்கற் ஷம்போ. அன்றாடச் சம்பளக்காரருக்கு வேறு வழியில்லை. ஆனால் பத்து முறை நூறு கிராம் வாங்கி முடிக்கும்போது, ஒரு கிலோவை ஒன்றாக வாங்கியவரை விட அவர் கூடுதலாகக் கொடுத்திருப்பார். போதாததற்குப் பத்து பொலித்தீன் உறைகளும் வீட்டுக்கு வந்திருக்கும்.

20 மில்லிலீட்டருக்கு உட்பட்ட சாஷே பக்கற்றுகளுக்கு 2021 இல் தடை வந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது. ஆனால் அந்தப் பக்கற்றை வாங்கியவர் அதை விரும்பி வாங்கவில்லை, முழுப் போத்தலுக்குக் காசில்லாமல்தான் வாங்கினார் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏழையின் பணப்பையைச் சரிசெய்யாமல் அவரது குப்பையை மட்டும் சரிசெய்ய முடியாது.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போனால் அரிசி, பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் எல்லாம் மொத்த விலையில் கிடைக்கின்றன. அங்கே வியாபாரம் செய்பவர்களில் எம்மவர்களும் ஏராளம். தெமட்டகொடையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீற்றர் தூரம்தான். ஆனாலும் எமது ஒழுங்கையின் தையல்காரத் தாய் அந்த விலையை ஒருநாளும் கண்டதில்லை. 50 கிலோ மூடையை வாங்கக் காசுமில்லை, வைக்க இடமுமில்லை. மரக்கறிக்குப் பெயர்போன மெனிங் சந்தையும் 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம்மாறிவிட்டது. முன்பு நடந்துபோய் வாங்கியவர் இப்போது களனி கங்கையைக் கடந்து போக வேண்டும். போய்வரும் ஆட்டோக் கூலி, மிச்சம் பிடிக்கும் காசைத் தின்றுவிடும்.

வாடகையிலும் இதே கதைதான். நகரத்துக்குள் வாடகை தாங்காமல் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் குடிபெயர்ந்த எத்தனையோ குடும்பங்களை அறிவேன். மாத வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பாடசாலை வேனுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கட்டிலும் பிரிட்ஜும் தையல் இயந்திரமும் ஒரே இரவில் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு அதே ஆறு மீண்டும் ஏறியது. தாழ்நிலத்தில் வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது வந்து கதவைத் தட்டுகிறது.

மூன்றாவது, குப்பைப் பை

உம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு எனது மனைவி ஒரு வேலை செய்தார். ஒரு கிழமை முழுவதும் எமது வீட்டுக் குப்பையைத் தராசில் நிறுத்து எழுதினார். ஐந்து பேர் கொண்ட குடும்பம். ஏழு நாட்களில் 12 கிலோ. அதில் 8 கிலோவுக்கு மேல் சமையலறையிலிருந்து வந்தது. மரக்கறித் தோல், தேங்காய்ப் பூ போன்றவற்றை நீக்கிப் பார்த்தால், சாப்பிடக் கூடியதாக இருந்து கெட்டுப்போன சோறு, கறி, பாண் மட்டும் 3 கிலோ இருந்தது. காசில்லை என்று இறைச்சியைக் குறைத்த அதே வீட்டில்தான் இது நடந்திருக்கிறது.

எமது வீடு விதிவிலக்கல்ல. இலங்கையில் சேரும் நகரக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது உக்கும் கழிவு. ஈரமான அந்தக் கழிவு மற்றக் குப்பையோடு கலந்து மலையாகக் குவியும்போதுதான் ஆபத்து பிறக்கிறது. அழுகும்போது மீதேன் வாயு உருவாகிறது. கசியும் நீர் நிலத்துக்குள் இறங்குகிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தார்கள். எமது வீட்டிலிருந்து அது சில கிலோமீற்றர் தூரம். அங்கே புதைந்தவர்களின் வீடுகளுக்கு மேல் சரிந்தது கொழும்பு மக்கள் வருடக்கணக்காகச் சாப்பிட்டு மீதிவைத்தவையும் சேர்த்துத்தான்.

அந்த அனர்த்தத்துக்குப் பிறகு கொழும்புக் குப்பைக்குப் புதிய இடம் தேடியபோது, 170 கிலோமீற்றர் அளவு தூரத்திலுள்ள அருவக்காடு முன்னுக்கு வந்தது. வில்பத்துவுக்கும் சேராக்குளி மீனவர்களின் களப்புக்கும் அருகிலுள்ள இடம் அது. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய குழிகள் அங்கே ஏலவே இருந்தன. புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். ஆயினும் 2019 ஓகஸ்டில் லொறிகள் போயின. ஒக்டோபரில் அந்த இடத்தில் வாயு சேர்ந்து வெடிப்பு ஏற்பட்டது. 2021 முதல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவொட் நிலையம் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சோறும் கறியும் கலந்த ஈரக் குப்பை எரிவதற்கும் உகந்ததல்ல.

இதில் நான் படித்த பாடம் ஒன்றுதான். நகரத்தில் ஒரு பொருள் மலிவாகத் தெரிந்தால், அதன் மீதி விலையை வேறெங்கோ ஒருவர் கட்டுகிறார். கொழும்பின் மின்சாரத்துக்கு நுரைச்சோலையில் ஒருவரும், கொழும்பின் குப்பைக்கு மீதொட்டமுல்லையிலும் அருவக்காட்டிலும் வேறொருவரும் கட்டினார்கள். அந்த ஒருவர் எனது உம்மாவாக இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கஞ்சிச் சட்டி சொல்லும் கணக்கு

இந்த மூன்றையும் ஒரு வீடு தனியாக நின்று சரிசெய்ய முடியாது. மின்மானி வீட்டுச் சொந்தக்காரரின் கையில் இருக்கிறது. மொத்தக் கொள்வனவுக்கு முதல் வேண்டும். உக்கும் குப்பையை உரமாக்க ஓர் அடி நிலமாவது வேண்டும். இரண்டு அறை வாடகை வீட்டில் இவை எதுவும் இல்லை.

ஆனால் எமக்கு ஒரு பழைய வழி தெரியும். ஒவ்வொரு ரமழானிலும் அதைச் செய்கிறோம். லுஹருக்குப் பிறகு பள்ளிவாசலின் பின்புறம் பெரிய சட்டி ஏறும். ஓர் அடுப்பு, ஒரு சமையற்காரர், இரண்டு உதவியாளர்கள். அஸருக்குப் பிறகு பிள்ளைகள் வாளியோடும் ஜக்கோடும் வரிசையில் நிற்பார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளில் தனித்தனியாக அடுப்பு எரிய வேண்டிய தேவையில்லாமல் ஒரே நெருப்பில் காரியம் முடிகிறது. அரிசி மூடையாக வருகிறது. தேங்காய் நூற்றுக்கணக்கில் வருகிறது. கொடுக்க வசதியுள்ளவர் கொடுக்கிறார், இல்லாதவர் வாளி கொண்டு வருகிறார். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று வரிசையில் நிற்பவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கௌரவக் குறைவு என்று யாரும் நினைப்பதுமில்லை.

மலிவு, எரிபொருள் மிச்சம், குப்பைக் குறைவு, சுயமரியாதை ஆகிய நான்கும் அந்த ஒரு சட்டிக்குள் இருக்கின்றன. பெருநாள் பிறை கண்டதும் சட்டியைக் கழுவிக் களஞ்சியத்தில் வைத்துவிடுகிறோம். மற்றப் பதினொரு மாதமும் ஒவ்வொருவரும் தத்தமது வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகக் கஷ்டப்படுகிறோம். (அண்மைக் காலத்தில் வாளிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கோப்பையும் பொலித்தீன் பையும் வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். அது எமது பிள்ளைகளின் வெட்கத்துக்காக வந்தது. தேவைக்காக வந்ததல்ல.)

செய்யக் கூடியவை

முதலில் மின்மானி. 1956 ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவான எமது பள்ளிவாசல்கள் பலவற்றுக்குக் கொழும்பில் கடைகளும் வீடுகளும் இருக்கின்றன. அதாவது பள்ளிவாசல்களும் வீட்டுச் சொந்தக்காரர்கள்தான். தமது வாடகை வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு மின்மானி இருக்கிறதா என்று ஒவ்வொரு நம்பிக்கையாளர் சபையும் பார்க்கலாம். இல்லாவிட்டால் பெற்றுக்கொடுக்கலாம். தனியார் வீடுகளில் இருப்போருக்கு இணைப்புக் கட்டணமும் வயரிங் செலவும்தான் தடையென்றால், அதை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். மாதாமாதம் மிச்சமாகும் பணத்திலிருந்தே அவர் அதைத் திருப்பிக் கட்டிவிடுவார். ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை கொடுக்கும் உலர் உணவுப் பொதி இரண்டு கிழமையில் முடிந்துவிடும். மின்மானி வருடக்கணக்காகப் பயன் தரும்.

கட்டணத் திருத்தத்துக்கு முன்பு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் நேரிலும் கருத்துச் சொல்லலாம். மதத் தலங்களுக்கான கட்டணம் உயர்ந்தபோது எமது தரப்பிலிருந்து குரல் எழுந்தது. நல்லது. ஆனால் பள்ளிவாசலின் பின்மதிலுக்கு அப்பால், ஒரே மின்மானியில் நான்கு குடும்பங்கள் கட்டும் கட்டணம் பற்றி எமது அமைப்பு ஏதும் அங்கே போய்ப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. இது முஸ்லிம்களுக்கு மட்டுமுரிய பிரச்சினையுமல்ல. அதே ஒழுங்கையில் தமிழ்க் குடும்பமும் சிங்களக் குடும்பமும் அதே கட்டணத்தைத்தான் கட்டுகின்றன. மூவருமாகச் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது, கூட்டுக் கொள்வனவு. இதை எமது ஒழுங்கையில் செய்து பார்த்ததால் துணிந்து எழுதுகிறேன். ஏழு வீடுகள் சேர்ந்தோம். சீட்டுப் பிடிப்பது எமது பெண்களுக்குப் புதிதல்ல. அதே முறையில் கிழமைக்கு ஒரு தொகை சேர்த்து, மாதம் ஒருமுறை அரிசியும் பருப்பும் சீனியும் தேங்காய் எண்ணெயும் மொத்தமாக எடுக்கிறோம். ஆட்டோக் கூலி ஏழாகப் பிரிகிறது. தராசு ஒரு வீட்டில், கொப்பி இன்னொரு வீட்டில். ஒரு வீட்டுக்கு மாதம் மூவாயிரம் ரூபா அளவில் மிச்சமாகிறது. தையல்காரத் தாயின் மூத்த மகள் அந்தக் கொப்பியை எழுதுகிறாள். அவள் மீண்டும் மாலை வகுப்புக்குப் போகிறாள் என்பதைச் சொல்வதில் எனக்குள்ள சந்தோசம் அந்த மூவாயிரத்தை விடப் பெரியது.

மூன்றாவது, குப்பை. பள்ளிவாசல் வளவில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி இரண்டு பீப்பாய்கள் வைத்தோம். முதல் மாதம் தோல்வி. நாற்றம் எடுத்தது, ஈ மொய்த்தது, தொழ வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். தலைவர் நானா என்னைக் கூப்பிட்டு, "இதத் தூக்கிருவமா தம்பி?" என்று கேட்டார். ஈரக் கழிவை மட்டும் போட்டது எமது பிழை என்று பிறகுதான் விளங்கியது. தச்சுக்கடையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து, ஒரு வாளிக் கழிவுக்கு ஒரு வாளி மரத்தூள் என்று போடத் தொடங்கிய பின் நாற்றம் நின்றது. சமைத்த இறைச்சியும் மீனும் போடுவதில்லை. இப்போது ஏழு வீடுகளின் மரக்கறிக் கழிவு அங்கே போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரம் எடுக்கிறோம்.

ஆனால் ஏழு வீடுகள் ஒரு மாதத்தில் சேமிப்பதை ஒரு வலீமா ஓர் இரவில் கொட்டிவிடுகிறது. அண்மையில் ஒரு மண்டபத்தில் 500 பேர் சாப்பிட்டு முடித்த பின், பின்வாசலில் பிரியாணி நிறைந்த பெரிய கறுப்புப் பைகளை எண்ணினேன். பதினான்கு. முன்பு ஒரு சஹனில் ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்தபோது, போதாவிட்டால் மேலதிகமாகக் கேட்டு வாங்கினோம். இப்போது கேட்பதற்கு முன்பே குவிக்கப்படுகிறது. ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்ற நபிமொழியை அறிந்த சமூகம் நாம். அண்ணலார் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லீட்டருக்கும் குறைவான நீரில் வுழூச் செய்தார்கள் என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அதைப் படித்த பிறகும் குழாயைத் திறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டு வுழூச் செய்கிறோம். அந்தப் பதினான்கு பைகளையும் எந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்று திருமண வீட்டாரிடம் கேட்கும் தைரியம் எமக்கு வேண்டும். மீதமாகும் உணவை அன்றிரவே எடுத்துப் பகிர ஒரு மஹல்லாவில் நான்கு இளைஞர்களும் ஒரு வேனும் போதும்.

அரசின் வேலையை நாம் செய்வதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி. மின்கட்டணத்தைச் சீராக்குவது அரசின் கடமை. குப்பையைப் பாதுகாப்பாக அகற்றுவது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. வாழத் தகுந்த வாடகை வீடும் நம்பத்தகுந்த பஸ்ஸும் நகர மக்களின் உரிமை. மஹல்லா இதையெல்லாம் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆட்சியாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஏழையிடம் மட்டும் சிக்கனம் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

ஆனால் கேட்பவருக்கும் ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒரு மஹல்லாவில் எத்தனை வீடுகள் ஒரே மின்மானியில் இருக்கின்றன, எத்தனை கிலோ உணவு வீசப்படுகிறது, எத்தனை பிள்ளைகள் செலவுக்காக வகுப்பிலிருந்து நின்றார்கள் என்ற விபரம் எமது பள்ளிவாசல் பதிவேடுகளில் இல்லை. சந்தாக் கட்டியவர், கட்டாதவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. முதலில் அந்தப் பதிவேட்டில் இன்னும் மூன்று நிரல்கள் சேர்ப்போம். அதற்குக் காசு தேவையில்லை, சட்டம் தேவையில்லை, எந்த அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை.

போன கிழமை உம்மாவோடு தொலைபேசியில் கதைத்தபோது, குப்பை லொறி இப்போதும் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். எமது பை இப்போது பாதியாகிவிட்டது என்றும் சொன்னேன். "மத்தப் பாதி?" என்றார் உம்மா.

அதற்கு என்னிடம் இன்னும் பதிலில்லை.